பட்டன் அமுக்கினா கேக்கணும்

என் அன்பு டீச்சரம்மாவுக்கு,

உன் மெயில் வந்தப்பவே பதில் போடணும்னு இருந்தேன், ஆனா அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு கூட்டிட்டு வந்த நேரம், இவருக்கு நைட் ஷிப்ட் வேற, அதனால இப்பதான் நிதானமா உக்காந்து எழுத முடியுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சதும் மனசு லேசாச்சுடி. கட்டு பிரிச்சதும் முதல்ல பரண் மேல இருக்கற ஒட்டடையைத்தான் பாத்தாங்கன்னு எழுதியிருந்தியே, அவங்களை நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாம விட்டுடு.

இங்க பெரியவன் என்எஸ்-க்கு, அதான் கட்டாய தேசிய சேவைக்கு போயாச்சு, வாரக்கடைசில வரும்போது துணி மூட்டையும் பசியுமா வர்றான். அத்தை வாக்கர் இல்லாம நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, கீழ புளோக்கைச் சுத்தி ஒரு ரவுண்டு, அப்புறம் கோப்பிக்கடை வரைக்கும். சின்னவ பிரைமரி ஃபைவ். அவளைப் பத்திதான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா நீ கேட்ட கேள்விக்கு பதில் அவகிட்டதான் இருக்கு.

ஸ்கூல் லேப்புக்கு ஆர்டுயினோ போர்டு (நாம எழுதற புரோகிராம்படி லைட், மோட்டார் எல்லாம் ஓட்டற சின்ன சர்க்யூட் போர்டு) வந்திருக்கு, எட்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு எதுல ஆரம்பிக்கறது, ரோபோ காரா, செடிக்குத் தண்ணி விடற மெஷினான்னு கேட்டிருந்தே. என்னைக் கேட்டா டிராபிக் லைட். ஆனா மூணு எல்இடியை மாத்தி மாத்தி எரிய விட்டு கைதட்டிட்டு முடிச்சுடற டிராபிக் லைட் இல்ல. ரோட்டைத் தாண்ட நிக்கற ஆளுக்கு ஒரு பட்டன் வெச்ச டிராபிக் லைட். அந்த பட்டனை வெக்கற வரைக்கும் புள்ளைங்க விளக்குதான் எரிய விடறாங்க, பட்டனை வெச்ச பிறகுதான் புரோகிராமே எழுத ஆரம்பிக்கறாங்க, இதை நான் ரொம்ப உறுதியா சொல்றேன்.

நம்ம பாலிடெக்னிக் லேப் ஞாபகம் இருக்கா? 8085 மைக்ரோபிராசஸர் கிட், பக்கத்துல அதோட லைட்டை இணைக்கற 8255 சிப் வெச்ச அந்த டிராபிக் லைட் போர்டு, நாலு ரோடு வரைஞ்சு குட்டி குட்டி எல்இடி, நீ ஹெக்ஸ் நம்பரைப் படிக்க படிக்க நான் கீபேட்ல தட்டுவேன். டிலேக்கு, அதாவது நடுவுல நேரம் கடத்தறதுக்கு என்ன பண்ணினோம், ரிஜிஸ்டர்ல பெரிய நம்பரைப் போட்டு ஒண்ணு ஒண்ணா குறைச்சு ஜீரோ வர்ற வரைக்கும் சுத்த விட்டோம். ரெக்கார்டு நோட்ல எழுதி சைன் வாங்கினோம், நல்ல மார்க் கூட வந்துச்சு. அந்த போர்டுல ஆள் தாண்டற லைட் இருந்துச்சு, ஆனா ஆளுக்கு பட்டன் கிடையாது. யாரும் எதையும் கேக்க முடியாத ஜங்ஷன் அது. அதனாலயே நமக்கு கஷ்டமான பகுதி கண்ணுலயே படல.

இங்க பிரைமரி ஸ்கூல்ல மேல் வகுப்பு புள்ளைங்க எல்லாருக்கும் கோட் ஃபார் ஃபன்னுன்னு ஒரு பத்து மணி நேரம் போல கோடிங் சொல்லித் தர்றாங்க, 2020-லேர்ந்து எல்லா ஸ்கூல்லயும் உண்டு. சின்னவ அதுல மைக்ரோபிட்னு புள்ளைங்களுக்கான ஒரு குட்டி போர்டு வெச்சு எதையோ மின்ன வெச்சுட்டு வந்தவ, லீவுல வேற ஏதாவது பண்ணலாம்மான்னு பிடிச்சுகிட்டா. சரின்னு ஒரு சனிக்கிழமை சிம் லிம் டவருக்கு கூட்டிட்டுப் போனேன். ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே. கம்ப்யூட்டர் விக்கற சிம் லிம் ஸ்கொயர் வேற, இது டவர், ரெசிஸ்டர், ஸ்விட்ச், வயர்னு அடுக்கி வெச்ச கடைங்க இருக்கற பழைய கட்டடம், உள்ள நுழைஞ்சதும் நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் வந்துடும். ஒரு ஊனோ குளோன் போர்டு (ஆர்டுயினோ ஊனோவோட நகல்), சால்டர் இல்லாம வயரைக் குத்தற பிரெட்போர்டு, எல்இடி, ரெசிஸ்டர், ஜம்பர் வயர், ரெண்டு புஷ் பட்டன், அவ்ளோதான். அப்படியே நடந்து லிட்டில் இந்தியால இருக்கற தேக்கா மார்க்கெட் போய் அத்தைக்கு முருங்கைக்காயும் வெத்தலையும் வாங்கிட்டு வந்தோம்.

குளோன் போர்டுன்னா ஒண்ணு பாத்துக்கோ, யுஎஸ்பிக்கு பெரும்பாலும் சிஎச்340-ன்னு ஒரு சிப் இருக்கும், அதுக்கு டிரைவர் போடலைன்னா சில கம்ப்யூட்டர்ல போர்டே தெரியாது. கிளாஸுக்கு முன்னாடியே எல்லா கம்ப்யூட்டர்லயும் போட்டு வெச்சுடு, இல்லன்னா முதல் பீரியட் முழுக்க அதுலயே போயிடும். மத்தபடி பயப்பட எதுவும் இல்ல. இந்த போர்டே 2005-ல இத்தாலில இவ்ரியாங்கற ஊர்ல, எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் ஸ்டூடண்ட்ஸ் சுலபமா கத்துக்கணும்னு செஞ்சதுதான்.

சர்க்யூட் ரொம்ப சின்னது. கார் பக்கம் சிவப்பு, மஞ்சள், பச்சை, போர்டுல பின் (வயர் குத்தற, நம்பர் போட்ட ஓட்டை) 2, 3, 4. ஆள் பக்கம் சிவப்பு 5, பச்சை 6. பட்டன் 7. பின் 0, 1 ரெண்டையும் தொடாதே, அது கம்ப்யூட்டரோட பேசறதுக்கு. எல்இடிக்கு ரெசிஸ்டர் எதுக்குன்னு புள்ளைங்க கேக்கும், கணக்காவே போட்டுக் காட்டு: 5 வோல்ட் வருது, சிவப்பு எல்இடி கிட்டத்தட்ட 2 வோல்ட் எடுத்துக்குது, மிச்சம் 3, அதை 330 ஓமால வகுத்தா 9 மில்லிஆம்பியர். ஒரு பின்ல 20 மில்லிஆம்பியர் வரைக்கும் வெச்சுக்கறது நல்லது, 40-ஐத் தாண்டினா சிப் போச்சு. எல்லாரும் 220 ஓம் போடுவாங்க, நான் 330 சொல்றதுக்கு காரணம் இருக்கு, பின்னாடி சொல்றேன். பட்டனுக்கு தனி ரெசிஸ்டர் வேண்டாம், அமுக்காதப்ப பின்னை ஹைல பிடிச்சு வெக்கற புல்-அப் ரெசிஸ்டர் சிப்புக்கு உள்ளயே இருக்கு, கோட்ல அதை ஆன் பண்ணிட்டு, பட்டனோட ஒரு காலை பின் 7-லயும் இன்னொரு காலை கிரவுண்டுலயும் குத்திட்டா போதும், அமுக்கினா லோ, விட்டா ஹை.

சின்னவ முதல்ல எழுதினது எல்லா புள்ளைங்களும் எழுதறதுதான். பச்சையை எரிய விடு, பத்து செகண்ட் டிலே, மஞ்சள், மூணு செகண்ட் டிலே, சிவப்பு, பத்து செகண்ட் டிலே. அழகா ஓடுச்சு. அப்புறம் சிவப்புல இருந்து பச்சைக்குப் போறப்ப நடுவுல சிவப்பும் மஞ்சளும் சேந்து எரிஞ்சுது. ஏன்டின்னா, பாத்து எழுதின எக்சாம்பிள்ல அப்படித்தான் இருந்துச்சாம். அது பிரிட்டிஷ் எக்சாம்பிள், அங்க ரோட்டுல அப்படித்தான் எரியும். அவளே ஜன்னல்ல நின்னு கீழ இருக்கற ஜங்ஷனைப் பாத்துட்டு வந்து, அம்மா நம்மளுது நேரா பச்சைக்குப் போகுதுன்னு அந்த வரியை எடுத்துட்டா. உன் புள்ளைங்களையும் கோடை எழுதறதுக்கு முன்னாடி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கயாவது ஒரு சிக்னல்ல நின்னு நோட்ல குறிச்சுட்டு வரச் சொல்லு, எது எத்தனை செகண்ட், எதுக்கு அப்புறம் எதுன்னு. அதுவே பாதி வேலை.

அப்புறம் பட்டன். அமுக்கறா, எதுவும் நடக்கல. அழுத்தி அமுக்கறா, நடக்கல. கார் பச்சை பத்து செகண்ட் முடியற அந்த ஒரு கணத்துல விரல் பட்டன் மேல இருந்தா மட்டும் வேலை செய்யுது. வயர் லூஸ்னு நினைச்சு எல்லாத்தையும் பிடுங்கி திரும்ப குத்தினா, அப்பவும் அதே கதை. நான் பக்கத்துல உக்காந்து எதுவும் சொல்லல, அவளே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன், நீயும் அந்த நேரத்துல வாயைத் திறக்காதே, அந்த எரிச்சல் ரொம்ப முக்கியம். ஏன்னா தப்பு வயர்ல இல்ல, டிலேல. டிலே ஓடற நேரம் பூரா அந்த சிப் வேற எதையும் பாக்கறதே இல்ல, நாம 8085-ல ரிஜிஸ்டரைக் குறைச்சுட்டே சுத்தின அதே வேலைதான் உள்ள நடக்குது.

உனக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, எக்ஸாம் ஹால்ல சூப்பர்விஷனுக்கு நிக்கற டீச்சர் மூணு மணி நேரத்தையும் கண்ணை மூடிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு இருந்தா எப்படி இருக்கும், அதுதான் டிலே. ஒரு புள்ள அடிஷனல் ஷீட்டுக்கு கையைத் தூக்கினா தெரியவே தெரியாது. நீ என்ன பண்ணுவே, ஆரம்பிச்ச நேரத்தை போர்டுல எழுதிடுவே, ஹாலைச் சுத்திட்டே இருப்பே, அப்பப்ப கடிகாரத்தைப் பாத்து இப்ப மணி கழித்தல் ஆரம்பிச்ச மணி எவ்ளோன்னு பாப்பே, இடையில கை தூக்கினா கவனிப்பே. ஆர்டுயினோல அந்த சுவர்க்கடிகாரம் பேரு மில்லிஸ், போர்டு ஆன் ஆனதுல இருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு எப்ப கேட்டாலும் சொல்லும். லூப், அதாவது புரோகிராம்ல திரும்பத் திரும்ப ஓடற பகுதி, ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை சுத்தும், ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டே கேள்வி: நேரம் ஆச்சா, யாராவது அமுக்கினாங்களா. அமுக்கினா உடனே கார் பச்சையை நிறுத்தக் கூடாது, "கேட்டாங்க"ன்னு ஒரு வேரியபிள்ல குறிச்சு வெச்சுக்கணும், காருக்கு குறைஞ்சபட்ச பச்சை முடிஞ்சதும் அந்தக் குறிப்பைப் பாத்து மஞ்சளுக்குப் போகணும். யாரும் கேக்கலைன்னா கார் பச்சை அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

இதுல ஒரு சௌகரியம் இருக்கு பாத்தியா, பட்டன் பவுன்ஸ் ஆகுமே, ஒரு அமுக்கு நாலஞ்சு அமுக்கா தெரியுமே, அதுக்காக எல்லா புத்தகத்துலயும் பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க, இங்க அது பிரச்சினையே இல்ல. கேட்டாங்கன்னு ஒரு தடவை குறிச்சாலும் ஒம்பது தடவை குறிச்சாலும் ஒண்ணுதான். அதே மாதிரி சில பேர் இன்டரப்ட் போடு, ஓடற வேலையை நடுவுல நிறுத்தி பட்டனைக் கவனிக்க வைன்னு சொல்லுவாங்க. எட்டாங்கிளாஸுக்கு வேண்டாம். இன்டரப்ட் போட்டா பட்டனை அமுக்கினது தெரியும், ஆனா லைட் டிலேக்குள்ளதான் மாட்டிட்டு இருக்கும், நடுவுல வெளிய வர முடியாது. முதல்ல லூப்பைச் சரியா எழுதக் கத்துக்கட்டும்.

நேரத்தைப் பிடிச்சு வெக்கற வேரியபிளை மட்டும் அன்சைன்ட் லாங்னு போடச் சொல்லு. இன்ட்னு போட்டா ஊனோல 32,767 வரைக்கும்தான் பிடிக்கும், அதாவது 32 செகண்ட் ஒழுங்கா ஓடும், அப்புறம் லைட் எல்லாம் கண்டபடி வேகமா மாறி எல்லாமே ஒண்ணா மங்கலா எரியற மாதிரி தெரியும். இதை வேணும்னே ஒரு தடவை காட்டு, புள்ளைங்க மறக்கவே மாட்டாங்க. லாங் போட்டாலும் 49 நாள் சொச்சத்துல மில்லிஸ் ஜீரோவுக்குத் திரும்பிடும், ஆனா இப்ப நேரம் கழித்தல் ஆரம்ப நேரம்னு கழிச்சுப் பாத்தா அப்பவும் கணக்கு சரியா வரும், "இத்தனை மணிக்கு மாறணும்"னு கூட்டி வெச்சுட்டு ஒப்பிட்டாதான் உதைக்கும். ஆன் பண்ணினா வருஷக்கணக்கா நிக்காம ஓட வேண்டிய விஷயம் சிக்னல், அதுல இந்த கழித்தல் சின்ன விஷயம் இல்லடி.

கோடுக்கு முன்னாடி பேப்பர்ல வட்டம் போடச் சொல்லு, ஆறு வட்டம்: கார் பச்சை, கார் மஞ்சள், எல்லாம் சிவப்பு, ஆள் பச்சை, ஆள் பச்சை மினுக்கறது, திரும்ப எல்லாம் சிவப்பு. ஒவ்வொரு வட்டத்துக்குள்ள எந்த லைட் எரியுது, எப்ப வெளிய போகணும், அம்புக்குறி எங்க போகுது. அந்த எல்லாம் சிவப்பு ரெண்டு செகண்டை புள்ளைங்க தேவையில்லன்னு எடுத்துடுவாங்க, விடாதே. மஞ்சள்ல கடைசியா நுழைஞ்ச லாரி ஜங்ஷனை விட்டு வெளிய போற நேரம் அது.

இப்ப 330 ஓம் விஷயம். காருக்கும் ஆளுக்கும் ஒரே நேரத்துல பச்சை வரவே கூடாது, கோட்ல என்ன தப்பு இருந்தாலும் வரக் கூடாது. நிஜ சிக்னல் கன்ட்ரோலர்ல இதுக்குன்னே தனியா காவல் பாக்கற ஏற்பாடு இருக்கும், மோதற மாதிரி ரெண்டு பச்சை வந்தா அது உடனே சிக்னலை வழக்கமான ஓட்டத்துல இருந்து பிடுங்கிடும். நம்ம மாடல்ல அதுல ஒரு பங்கை ஒரு வயரால பண்ணலாம். ஆள் பச்சை எல்இடியோட ப்ளஸ் காலை கார் சிவப்பு இருக்கற பின் 2-ல ரெசிஸ்டர் வழியா குத்து, மைனஸ் காலை கிரவுண்டுக்குப் பதிலா பின் 6-ல குத்து. பின் 6 லோ ஆனா எரியும், இன்புட்டா மாத்தினா அணையும். ஆனா கார் சிவப்பு எரியாதப்ப நீ தலைகீழா நின்னாலும் ஆள் பச்சை எரியாது, கரண்ட் வர்ற வழியே இல்ல. கோடு தப்பா போய் கார் சிவப்பும் கார் பச்சையும் சேந்து எரிஞ்சா மட்டும் இந்த வயர் தடுக்காது. பின் 2 இப்ப ரெண்டு எல்இடிக்கு கரண்ட் குடுக்கணும், 330 ஓம் போட்டா ரெண்டும் சேந்து 18 மில்லிஆம்பியர், 20-க்குள்ள அடங்கிடும். புள்ளைங்களை வேணும்னே கோடைக் கெடுத்து ரெண்டு பச்சையையும் வர வைக்க முயற்சி பண்ணச் சொல்லு, ஜாலியா இருக்கும்.

இதுவரைக்கும் எல்லாரும் செய்யலாம். இதுக்கு மேல வந்தது அத்தையால. இங்க நிறைய கிராசிங்ல பட்டனுக்கு மேல கார்டு தட்டற ரீடர் இருக்கு, கிரீன் மேன் பிளஸ்னு பேரு, 2009-ல ஆரம்பிச்சாங்க. வயசானவங்க சீனியர் கார்டையோ, மாற்றுத்திறனாளிங்க அவங்க கார்டையோ தட்டினா பச்சை மனுஷன் கூட கொஞ்ச நேரம் நிப்பான், ரோட்டோட அகலத்தைப் பொறுத்து 3-லேர்ந்து 13 செகண்ட் வரைக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் அத்தை முதல் தடவை ரோட்டைத் தாண்டின அன்னைக்கு சின்னவதான் கையைப் பிடிச்சுட்டுப் போனா. கார்டைத் தட்டினாங்க, எண்கள் இறங்க இறங்க நிதானமா போய்ச் சேந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் சின்னவ கேட்டா, எல்லாருக்கும் எப்பவுமே அந்த நேரத்தைக் குடுத்துட்டா என்னம்மா, எதுக்கு கார்டுன்னு.

நல்ல கேள்விதானே. ஒரு நிமிஷத்துல அறுபது செகண்ட்தான், ஆளுக்குக் குடுக்கற ஒவ்வொரு செகண்டும் பஸ்ஸுல உக்காந்திருக்கறவங்ககிட்ட இருந்து எடுக்கறது. இங்க ரோட்டுக்கு அடியில வயர் லூப் புதைச்சு, எத்தனை வண்டி வருதுன்னு பாத்து பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கற கிளைடுன்னு ஒரு சிஸ்டம் இருக்கு, நிலப் போக்குவரத்து ஆணையம் நடத்தறது. வண்டி வந்தா லூப்புக்குத் தெரியும். மெதுவா நடக்கற ஆள் வந்தா எப்படித் தெரியும்? அவங்க சொன்னாதான் தெரியும், அதுக்குத்தான் கார்டு. எனக்கு இது ரொம்ப சரியான ஏற்பாடா படுது, கேக்கறவங்களுக்கு கேக்கற நேரத்துல கிடைக்குது, அதுக்காக யாரும் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதும் இல்ல.

உடனே மாடல்லயும் வெச்சுட்டா. ஆர்எஃப்ஐடி ரீடர் வாங்கினா கூடவே ஒரு கார்டும் ஒரு கீசெயினும் வரும், அதுல கார்டு பாட்டி, கீசெயின் மத்தவங்க. அந்த ரீடர் 3.3 வோல்ட்ல ஓடறது, 5 வோல்ட்ல குத்திடாதீங்க, 9-லேர்ந்து 13 வரைக்கும் பின் வேற எடுத்துக்கும், அதனாலதான் லைட்டை எல்லாம் 2-லேர்ந்து ஆரம்பிக்கச் சொன்னேன். உங்க லேப்ல ரீடர் இல்லன்னா ரெண்டாவது பட்டனே போதும்.

எத்தனை செகண்ட் கூட்டறதுன்னு ஊகமா போட விடாதே, அளக்கச் சொல்லு. ஆள் நடக்கற வேகம் செகண்டுக்கு 1.2 மீட்டர்னு பல நாட்டுல ரொம்ப காலமா கணக்கு வெச்சிருந்தாங்க, அமெரிக்கால 2009 மேனுவல்ல அதை 3.5 அடிக்கு, அதாவது 1.07 மீட்டருக்குக் குறைச்சாங்க. 12 மீட்டர் ரோடுன்னா 1.2-ல பத்து செகண்ட், 0.8-ல பதினஞ்சு, 0.6-ல இருபது. சின்னவ கீழ வாய்ட் டெக்ல, அதான் புளோக்குக்கு அடியில இருக்கற திறந்த இடத்துல, டேப் வெச்சு அளந்து கோடு போட்டு, அத்தையை நடக்க வெச்சு, எதிர் வீட்டு சீனத் தாத்தாவை நடக்க வெச்சு, ஸ்டாப்வாட்ச்ல குறிச்சா. தாத்தா ரெண்டு தடவை நடந்து ரெண்டாவது தடவை வேகமா நடந்துட்டேன் பாருன்னு சந்தோஷப்பட்டார். ஆனா கணக்குக்கு அவ மெதுவா நடந்ததைத்தான் எடுத்துக்கிட்டா, ஏன்டின்னு நான் கேட்டா, மழை பெய்யற அன்னைக்கு அவர் அப்படித்தானே நடப்பார்னு சொன்னா. எனக்கு தொண்டை அடைச்சுடுச்சுடி. கோடிங் கத்துக்கறாளேன்னு சந்தோஷப்பட்டதை விட அதுக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

உன் கிளாஸ்ல நாப்பது பேர், போர்டு பத்துதான்னு எழுதியிருந்தே. டிங்கர்கேட்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஃப்ரீ, அதுல ஊனோ போர்டு, எல்இடி, பட்டன் எல்லாம் ஸ்கிரீன்லயே குத்தி கோடை ஓட்டிப் பாக்கலாம், எதுவும் எரிஞ்சு போகாது. ஒரு குரூப் அதுல எழுதட்டும், ஒரு குரூப் போர்டுல குத்தட்டும், ஒரு குரூப் விளையாட்டு மைதானத்துல நடந்து அளக்கட்டும், மாத்தி மாத்தி விடு. நடந்து அளக்கற குரூப்ல நல்லா படிக்கற புள்ளைங்களையும் கண்டிப்பா போடு.

டிசம்பர் லீவுல பத்து நாள் ஊருக்கு வர்றோம், அத்தையும் வர்றாங்க, டாக்டர் சரின்னுட்டார். ரீடர் ரெண்டு எடுத்துட்டு வர்றேன், ரெசிஸ்டர் எல்இடி எல்லாம் அங்கயே மலிவு, வாங்கி வெச்சுக்கோ. முடிஞ்சா ஒரு நாள் உன் லேப்புக்கு சின்னவளையும் கூட்டிட்டு வர்றேன், ஹெட்மாஸ்டர்கிட்ட பர்மிஷன் கேட்டு வை. அதுக்குள்ள உன் புள்ளைங்க நடந்து அளந்த கணக்கை அனுப்பு, எந்த ரோடு, எத்தனை மீட்டர், யாரு நடந்தாங்கன்னு, அவ தன்னோட நோட்ல பக்கத்துலயே எழுதறதுக்கு தனியா ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கா. ஆறு வட்டம் போட்ட பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பு, அம்புக்குறி எங்கயாவது இடிச்சா சொல்றேன்.

அம்மாவைக் கேட்டதா சொல்லு.

உன்,
பழைய லேப் பார்ட்னர்
தோ பாயோ, சிங்கப்பூர்